டப்பாவும் உளுந்தங்களியும்

நேயர்களுக்கு வணக்கம். முப்பது வருஷம் விசிலும் கையுமா நின்ன டிரில் வாத்தியார் நான். இப்பவும் காலையில பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துப் பக்கம் நடந்தா, பையங்க மறிச்சுக் கேக்கிறது ஒண்ணுதான்: "சார், ஆட்டத்துக்குத் தெம்பு வர எந்தப் பவுடர் வாங்கலாம்?"

ஒரு கபடிப் பையன் கதையைச் சொல்றேன். அம்பது கிலோ இருப்பான், ரைடு போனா மீன் மாதிரி வழுக்கிட்டு வருவான். ராத்திரி ஏழு மணி மேட்ச். மைதானத்து ஓரத்துல, ஆட்டத்துக்கு முன்னால தெம்புக்குன்னு டப்பாவுல விக்கிற பவுடரை ஒரு கரண்டி தண்ணிகூட இல்லாம வாயில தட்டிட்டான். கொஞ்ச நேரத்துல கை நடுங்குது. "என்னலே, கை இந்த ஆட்டம் ஆடுது?"ன்னேன். "உடம்பு பூரா எறும்பு ஓடுற மாதிரி இருக்கு சார்."

எறும்பு ஓடினது, அந்தப் பவுடர்ல கலந்திருக்கிற பீட்டா அலனைன்னு ஒரு அமினோ அமிலத்தால. அது பயப்படுற விஷயமில்ல. நடுக்கத்துக்குக் காரணம் வேற. டப்பாவைத் திருப்பிப் பாத்தேன், கரண்டிக்கு 300 மில்லிகிராம் காஃபீன். மூணு டம்ளர் காப்பியை ஒரே மடக்கில குடிச்ச கணக்கு!

காஃபீன் வேலை செய்யாதுன்னு நான் சொல்லல. நல்லாவே செய்யும். 2004-க்கு முன்னால போட்டிகள்ல அதுக்கு வரம்பே கட்டியிருந்தாங்க, தாண்டினா ஊக்கமருந்துக் குத்தம். ஆனா உடம்பு எடையில கிலோவுக்கு 3 மில்லிகிராம் போதும். அம்பது கிலோப் பையனுக்கு 150. அதாவது ஒண்ணரை டம்ளர் காப்பி, ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால. காப்பிதாங்க, டப்பா இல்ல.

இன்னொண்ணு, உள்ள போன காஃபீன்ல பாதி குறையவே அஞ்சு மணி நேரம் ஆகும். பையன் விடிய விடியக் கொட்டக் கொட்ட முழிச்சுக் கெடந்தான். மறுநாள் அரையிறுதி, முதல் ரைடிலேயே அமுக்கிட்டாங்க.

அடுத்தது புரோட்டீன். கடுமையாப் பயிற்சி செய்றவங்களுக்குத் தினம் உடம்பு எடையில கிலோவுக்கு 1.6 கிராம் வேணும். முட்டை ஒண்ணுல 6 கிராம். நூறு கிராம் உளுந்துல 24 கிட்ட இருக்கு. நம்ம ஊர்ல உளுந்தங்களியைப் பொம்பளைப் பிள்ளை பெரியவளானாத்தான் கிண்டணும்னு வச்சிருக்கோம். ஏன், கபடி ஆடுற பயலுக்கு இடுப்பு இல்லையா? தொலி உளுந்தை வறுத்துத் திரிச்சு, கருப்பட்டிப் பாகு விட்டு, நல்லெண்ணெய் ஊத்திக் கிண்டும்போது தெருவே மணக்கும். எங்க ஆச்சி உருட்டிக் குழி பறிச்சு, குழியில இன்னும் கொஞ்சம் எண்ணெய் விடுவா. களி மட்டுமே போதும்னு சொல்ல வரல. முட்டை, மீன், பயறு, பால் எல்லாம் சேரணும். கடையில விக்கிற புரோட்டீன் பவுடரும் பெரும்பாலும் பால்லயிருந்து பிரிச்சதுதான். சமைக்க நேரமில்லாதவன் வாங்கட்டும், தப்பில்ல. களியை விட்டுட்டு வாங்குறதுதான் எனக்குப் பொறுக்கல.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி விரலைக் காட்டுறார், ஒரு நிமிஷமாம். தசைக்குப் பலம்னு பையங்க வாங்குற கிரியேட்டின் பவுடரைப் பத்தி உருப்படியாச் சொல்லணும்னு வந்தேன், களி இழுத்துட்டுப் போயிட்டு. கிரியேட்டின் பலன் உள்ளதுதான். தினம் 3-லிருந்து 5 கிராம். முதல் வாரம் ஏறுற எடை தண்ணி, தசைன்னு நெனச்சு கண்ணாடி முன்னால நிக்காதீங்க. கிட்னிக் கோளாறு இருந்தா டாக்டரைக் கேக்காமத் தொடவே கூடாது. ஊக்கமருந்து ஊசி சமாச்சாரம் பாக்கி இருக்கு, இன்னொரு நாள் கூப்பிட்டா வாரேன். வணக்கம்.