சொல் இல்லாமல் பாடிய கிதார்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் மேக்கன் என்ற ஊரில் ரோஸ் ஹில் என்றொரு பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஆல்மன் பிரதர்ஸ் என்ற ராக் இசைக் குழுவின் இளம் கிதார் கலைஞர் டிக்கி பெட்ஸ் அங்கே போய் உட்கார்ந்து வாசிப்பது வழக்கம். ஒரு பெண்ணை நினைத்து அவர் ஒரு மெட்டு அமைத்தார். அவள் பெயரை வெளியே சொல்ல முடியாத நிலை. அங்கிருந்த கல்லறைக் கல் ஒன்றில் எலிசபெத் ரீட் என்று பொறித்திருந்தது. அந்தப் பெயரையே மெட்டுக்கு வைத்துவிட்டார்.

1970இல் வெளிவந்த அந்த மெட்டில் ஒரு சொல்கூடக் கிடையாது. ஆனாலும் சொல்லாமல் அடக்கிய காதல் முழுவதும் அதில் கேட்கிறது. பெட்ஸைச் சிறந்த கிதார் கலைஞர் என்பார்கள். எனக்கு அவர் முதலில் பாட்டுக் கட்டுபவர். கை வேகத்தைக் காட்டுவதற்காக அவர் வாசித்ததாக எனக்குத் தோன்றியதே இல்லை. வாசித்ததை அப்படியே வாயால் முணுமுணுக்கலாம்.

ஃபுளோரிடாவில், பிடில் வாசிக்கும் குடும்பத்தில் வளர்ந்தவர் அவர். கறுப்பின அமெரிக்கர்களின் இசையான ப்ளூஸின் துயரத்துக்குள் நாட்டுப்புறத்தின் வெயிலைக் கொண்டுவந்தவர். ‘புளூ ஸ்கை’ பாட்டில் அவர் கை ஓடுவது பெரும்பாலும் நம் மோகன ராகத்தின் ஐந்து ஸ்வரங்களில்தான். பின்னாளில் மனைவியான காதலிக்காக எழுதிய பாட்டு அது. அவன், அவள் என்ற சொற்களை வேண்டுமென்றே விலக்கி எழுதினார். அதனால் அது யார் பாடினாலும் அவரவர் பாட்டாகிவிடுகிறது.

1971 அக்டோபரில், அவரோடு இணைந்து வாசித்த டுவேன் ஆல்மன் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார். அடுத்த ஆண்டே பாஸ் கிதார் வாசித்த பெரி ஓக்லியும் அதேபோல விபத்தில் போய்விட்டார். இரண்டு சாவுகளைக் கண்ட அந்த மனிதர் 1973இல் தந்தது ‘ஜெசிகா’. தீக்காயத்துக்குப் பிறகு இடக்கையின் இரண்டு விரல்களால் வாசித்த ஜாஸ் கிதார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டுக்கு வணக்கமாக, இரண்டு விரல்களால் வாசிக்கும்படி ஒரு மெட்டைத் தேடிக்கொண்டிருந்தார். அது பிடிபடவில்லை. அப்போது அவருடைய கைக்குழந்தை ஜெசிகா அறைக்குள் தவழ்ந்து வந்தாள். அந்தக் குழந்தையின் துள்ளலைக் கிதாரில் பிடிக்கப் போனார், மெட்டு வந்துவிட்டது. துக்கம் நடந்த வீட்டில் குழந்தை சிரிப்பதைக் கேட்டவர்களுக்கு அந்த மெட்டைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

அதே ஆண்டு அவர் எழுதிப் பாடிய ‘ராம்ப்லின் மேன்’ அமெரிக்காவின் பிரபலமான பாடல்களை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடம் பிடித்தது. இரண்டு கிதார்கள் ஒரே மெட்டை ஒரே நேரத்தில், ஸ்வரத்தில் மட்டும் சற்று இடைவெளி விட்டு, கைகோத்தபடி பாடிச் செல்லும் அந்த முறை பின்னாளில் எத்தனையோ ராக் குழுக்களின் வழக்கமானது.

2024 ஏப்ரல் 18 அன்று, எண்பதாவது வயதில், பெட்ஸ் மறைந்தார். அன்று இரவு நான் கேட்டது 1971 மார்ச்சில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் பதிவான எலிசபெத் ரீட். இப்போது நீங்கள் கேட்கப் போவதும் அதுதான். தொடக்கத்தில் பிடில்போல மெல்ல எழும் ஒலி பிடில் அல்ல. தந்தியை மீட்டியபின் கிதாரின் ஒலிக்குமிழைச் சுண்டுவிரலால் மெதுவாகத் திறக்கிறார் பெட்ஸ்.