பெனீம அடுயி

நேயர்களுக்கு வணக்கம்.

சில வருடங்களுக்கு முன்பு அத்தையைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப் போயிருந்தேன். டாக்டர் சிங்களத்தில் பேசுவார், கூடப் போனவர் தமிழில் சொல்ல வேண்டும். மலையகத்தில் இது பழகிய கதைதான். அத்தையின் கண்ணைச் சோதித்த டாக்டர், "பெனீம அடுயி" என்றார். நான் அவசரத்தில், "அத்தை, உங்களுக்குக் கண்ணு தெரியலையாம்" என்று சொல்லிவிட்டேன்.

"யாருக்குடா கண்ணு தெரியல? நீ போட்டிருக்கிறது நீலச் சட்டை. அந்தா ஜன்னல், அதுக்கு அங்கிட்டு மலை!"

சட்டை நீலம்தான். சட்டைக்கு மேலே இருந்த என் முகம்தான் அவருக்குத் தெரியாது. சீனி வருத்தம் விழித்திரையின் நடுப்பகுதியைக் கெடுத்திருந்தது.

டாக்டர் சொன்னது பார்வை குறைவு. நான் சொன்னது பார்வையே இல்லை. மேடையில் 'விழிப்புலனற்றோர்' என்கிறோம். மரியாதையான சொல், ஆனால் 'அற்றோர்' என்றதும் அத்தை அதற்கு வெளியே நின்றுவிடுகிறார். தேயிலைத் தோட்டத்து லயத்துப் பேச்சிலோ குருடு, இல்லாவிட்டால் நல்ல கண். நடுவில் இருப்பவருக்கு 'குறைபார்வை' என்ற சொல் இருக்கிறது, நாம்தான் புழங்குவதில்லை.

அதனால் அத்தை வாங்கிய ஏச்சு கொஞ்சமில்லை. வேலைக்குப் போன கடைசி நாட்களில் கொழுந்தோடு முற்றின இலையும் கூடையில் விழும். "கண்ணு நல்லாத்தானே இருக்கு, வேணும்னே செய்யிற" என்பார் கங்காணி. பாதையில் எதிரே வந்தவரைப் பார்த்துச் சிரிக்காவிட்டால் திமிர் பிடித்தவள் என்று பெயர்.

குறைபார்வைக்கு அளவும் உண்டு. கண்ணாடி போட்டு, இரண்டில் நல்ல கண்ணால் பார்த்தும் 6/18-க்குக் கீழே, 3/60 வரை என்பது உலக சுகாதார நிறுவனம் நெடுங்காலம் கையாண்ட கணக்கு. அதாவது, மற்றவர் 18 மீற்றரில் நின்று வாசிக்கும் எழுத்தை இவர் 6 மீற்றர் தூரத்தில் நின்றும் வாசிக்க முடியாது. வெள்ளெழுத்து வந்து பேப்பரைத் தள்ளிப் பிடிக்கிறவர் இதில் சேரமாட்டார், அவருக்குக் கண்ணாடி போதும். புரை விழுந்ததை "கண்ணு போச்சு" என்று மூலையில் உட்கார்ந்திருப்பவர், தயவுசெய்து முதலில் ஒப்பரேஷனுக்குப் போங்கள்.

அத்தை வீட்டு இஸ்தோப்புப் படியின் விளிம்பில் வெள்ளைப் பெயின்டால் கோடு இழுத்திருக்கிறோம். பிளேன்டீயை வெள்ளைக் கோப்பையில் கொடுத்தால் எவ்வளவு இருக்கிறதென்று அவருக்கே தெரிகிறது. நான் போனால் பெயரைச் சொல்லிக்கொண்டேதான் படியேறுவேன்.

"தெரியுது, தெரியுது. இன்னைக்குப் பச்சைச் சட்டை" என்பார்.

நன்றி, வணக்கம்.