தட்டிக் கேட்டவரும் தொண்டர்தான்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'தொண்டருக்கு அழகு தலைவர் சொல்லைத் தட்டாமல் நடப்பதா, தவறு கண்டால் தட்டிக் கேட்பதா?' என்பது தலைப்பு. தட்டிக் கேட்பதே அழகு என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அப்பரின் தொண்டரான அப்பூதியடிகளைக் காட்டினார். பாம்பு தீண்டி இறந்த மகனை மறைத்துவிட்டு அப்பருக்கு அமுது படைக்க முனைந்தாரே, இதைவிடப் பணிவு உண்டா என்று கேட்டார். உருக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே கதையில் கொஞ்சம் முன்னால் பாருங்கள். திங்களூரில் தண்ணீர்ப் பந்தல். அதில் திருநாவுக்கரசு என்று அப்பரின் பெயர். வழியே வந்த அப்பர், 'உம் பெயரை எழுதாமல் வேறு பெயரை எழுதியது ஏன்?' என்கிறார். அப்பூதிக்குக் கோபம் பொங்குகிறது. 'நீர் யார்?' என்று வந்தவர் மேலேயே பாய்கிறார். அதுவரை அவர் அப்பரைப் பார்த்ததே இல்லை! பந்தல் வை என்று அப்பர் சொல்லவும் இல்லை. தானாகச் செய்தார். இதில் தட்டாமல் நடக்க எந்தச் சொல் இருந்தது?

சரி, சொல் இருந்த இடத்துக்கு வருவோம். இராமானுசர் 18 முறை நடந்து திருக்கோட்டியூர் நம்பியிடம் மந்திரப் பொருள் பெற்றார். யாருக்கும் சொல்லாதே என்பது குருவின் கட்டளை. மறுநாளே ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டார். எனக்கு நரகம் வந்தாலும் இவர்கள் கரையேறட்டும் என்றார். அந்தச் சீடரைத்தான் நம்பி 'எம்பெருமானார்' என்று அணைத்துக்கொண்டதாக வைணவ மரபு சொல்கிறது.

நடுவர் அவர்களே, கேள்வியே கேட்காத பணிவை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. தலைவருக்கு ஒன்று என்றதும் தீக்குளித்த தொண்டர்களைப் பார்த்த மண் இது. அந்தக் குடும்பங்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு 'தட்டாதே' என்று சொல்ல என்னால் முடியாது.

கடைசியாகத் திருவாரூருக்கு வாருங்கள். தேவாசிரிய மண்டபத்தில் அடியார்கள் நிறைந்திருக்கிறார்கள். சுந்தரர் ஒதுங்கி நேரே சன்னிதிக்குப் போகிறார். மனத்துக்குள் வணங்கினார் என்பது வேறு. கண்ணுக்குத் தெரிந்தது அவர் ஒதுங்கியதுதான். அடியார்களில் ஒருவரான விறன்மிண்டர் பொறுக்கவில்லை. அடியார் கூட்டத்துக்கு அவரும் புறம்பு, அவரை ஆண்ட சிவனும் புறம்பு என்று சொல்லிவிட்டார். சிவனையே! அதற்குப் பிறகுதான் சுந்தரர், அடியார்களைப் போற்றும் திருத்தொண்டத்தொகை பாடினார். அதுதான் நம்பியாண்டார் நம்பி வழியாக வந்து, சேக்கிழார் கையில் பெரியபுராணமாக விரிந்தது. தன்னை விலக்கிவைத்தவரை அந்தப் பாட்டில் சுந்தரர் எங்கே வைத்தார்? 'விறன்மிண்டர்க்கு அடியேன்' என்று பாடியிருக்கிறார். எதிரணி இதற்குப் பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.