நாவில் பிறந்த காவியம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, இந்த அரங்கைத் தந்துதவிய நூலகர் அம்மையார் அவர்களே, எனக்கு முன் அருமையாகப் பேசி அமர்ந்திருக்கும் பேராசிரியப் பெருமக்களே, மழையையும் பாராமல் வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் தமிழாசிரியர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். இந்தத் தலைப்பை எனக்குக் கொடுத்த செயலாளருக்குத் தனி நன்றி.

கிரேக்கக் காவியம் எங்கே பிறந்தது, எப்படி வளர்ந்தது, எப்போது ஏட்டில் ஏறியது என்ற மூன்றையும் சொல்ல வந்திருக்கிறேன். முதல் கேள்விக்கு நம் பழமொழியே விடை: சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்.

கிரேக்க மண்ணின் பழைய நாகரிகமான மைசீனியாவின் அரண்மனைகள் கி.மு. 1200ஐ ஒட்டி அழிந்தன. அங்கே கணக்கெழுதிய எழுத்தும் அவற்றோடு போயிற்று. கடல் வணிகரான பினீசியரிடமிருந்து புது எழுத்து வந்தது கி.மு. 8ஆம் நூற்றாண்டு வாக்கில். நடுவே ஏறக்குறைய 400 ஆண்டுகள் கிரேக்க மண்ணில் எழுத்தில்லை. ஆனால் ஹோமர் பாடியதாகச் சொல்லப்படும் டிராய்ப் போர்க் காவியமான இலியட்டின் 10ஆம் காண்டத்தில், காட்டுப்பன்றித் தந்தங்களை வரிவரியாகத் தைத்த தலைக்கவசம் ஒன்றை ஒடிசியஸ் என்ற கிரேக்க வீரன் அணிகிறான். ஹோமர் காலத்தில் அது வழக்கிலேயே இல்லை. மைசீனியக் கல்லறைகளைத் தோண்டியபோது அந்தத் தந்தத் துண்டுகள் கிடைத்தன. அத்தனை தலைமுறை அதன் நினைவைச் சுமந்து வந்தது நாக்கு.

இலியட்டின் நாயகன் அக்கிலீஸ் கோபித்துக்கொண்டு கப்பலருகே சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் ‘விரைந்த கால் அக்கிலீஸ்’ என்றே வரும். அந்தக் காவியத்தின் அறுசீர் அடியின் கடைசியில் அந்தத் தொடர் அச்சாகப் பொருந்தும். பாடப் பாடவே அடியைக் கட்டிக்கொள்ள, பாடகர் கையில் இப்படி நூற்றுக்கணக்கான தொடர்கள் தயாராக இருக்கும். இதைக் கண்டு சொன்னவர் மில்மன் பாரி என்ற அமெரிக்க அறிஞர்.

அவர் ஏட்டோடு நிற்கவில்லை. வாய்மொழியாகக் காவியம் பாடும் வழக்கம் இன்னும் உயிரோடிருந்த இடத்தைத் தேடி, 1935இல் மொண்டெனேகுரோவின் பியேலோ போலியே என்ற ஊருக்குப் போனார். அங்கே அவ்டோ மெஜெதோவிச் என்று ஒரு பாடகர். கசாப்புக்கடைக்காரர், எழுதப் படிக்கத் தெரியாதவர். பாரி ஒரு சோதனை வைத்தார். அவ்டோ கேட்டறியாத ஒரு கதையை, அவரை எதிரே உட்காரவைத்து, முமின் என்ற இன்னொரு பாடகரைப் பாடச் சொன்னார். 2,294 அடி. முடிந்ததும் அவ்டோவைப் பார்த்து, உங்களால் இதைப் பாட முடியுமா என்றார். அவ்டோ பாடத் தொடங்கினார். அதே கதை, அதே வீரர்கள். ஆனால் வீரனின் மனத்துக்குள்ளும் போனார், குதிரைக்கும் உடைக்கும் அணி சேர்த்தார். பாடி முடித்தபோது 6,313 அடி! ஒருமுறை காதால் கேட்டதுதான், ஐயா. அவர் சொல்லச் சொல்ல எழுதிய இன்னொரு கதை 12,311 அடி, அதாவது ஹோமரின் மற்றொரு காவியமான ஒடிசி அளவு. ஹோமரின் காவியமும் இப்படித்தான் நாவில் வளர்ந்திருக்கும் என்பது பாரியின் முடிவு. செந்தமிழ் மட்டுமா, செங்கிரேக்கமும் நாப்பழக்கம்தான்.

அந்த ஆண்டு டிசம்பரிலேயே பாரி இறந்துவிட்டார். வயது 33. அவர் பதிந்த அலுமினியத் தட்டுகள் ஹார்வர்டில் இன்றும் இருக்கின்றன. அந்த ஆய்வு வழியிலேயே ஈழத்துப் பேராசிரியர் க. கைலாசபதி நம் சங்கப் பாடல்களை ஆராய்ந்தார், அந்த நூல் 1968இல் வந்தது.

ஏட்டில் ஏறிய கதைக்கு நேரமில்லை, தலைவர் பொறுத்தருள வேண்டும். எனக்கு உறுத்துவது வேறு. தட்டில் பதியாவிட்டால் அவ்டோவின் நாப்பழக்கம் அவரோடே போயிருக்கும். நம் ஊர்களில் உடுக்கடித்தும் வில்லடித்தும் விடிய விடியக் கதை பாடும் பெரியவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் பாடுவதை முழு இரவும் வெட்டாமல் பதிய வேண்டும். நூலகர் அம்மா, அதற்கென ஓர் அலமாரி ஒதுக்கித் தாருங்கள். மாணவர்களே, உங்கள் ஊரில் பாடுகிறவர் யார் என்று இன்றே விசாரியுங்கள். ஒலிப்பதிவுக் கருவி என்னிடம் இருக்கிறது. கூப்பிட்ட ஊருக்கு எடுத்துக்கொண்டு வருகிறேன்.