வேடம் போதாது, அரங்கம் வேண்டும்

அவையோருக்கு வணக்கம். கறுப்பினக் கலைஞர்களுக்கு நாடகத்தில் வாய்ப்பு என்றதும், நல்ல வேடங்கள் நாலு கிடைத்தால் போதும் என்றே பலரும் எண்ணுகிறோம். நடிகரும் நாடக ஆசிரியருமான டக்ளஸ் டர்னர் வார்டு அப்படி எண்ணவில்லை. அமெரிக்க நாடகம் வெள்ளையருக்கு மட்டும்தானா என்ற கேள்வியைத் தலைப்பிலேயே வைத்து, 1966 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் எழுதிய கட்டுரையில், கறுப்பினத்தவரே பொறுப்பேற்று நடத்தும் நிரந்தர நாடக நிறுவனம் ஒன்று வேண்டும் என்று அவர் கேட்டார்.

கேட்பதற்கான தகுதியை மேடையிலேயே நிறுவியிருந்தார். முந்தைய ஆண்டு நியூயார்க்கின் செயின்ட் மார்க்ஸ் பிளேஹவுஸில் அரங்கேறிய அவரது நாடகத்தில், தென்மாநிலச் சிற்றூர் ஒன்றின் கறுப்பினத்தவர் அனைவரும் ஒருநாள் காணாமற்போக, அழும் குழந்தையைத் தேற்றவும் ஆளின்றி ஊரே நிலைகுலைகிறது. அந்த ஊரின் வெள்ளையர் வேடங்களை முகத்தில் வெள்ளை பூசிய கறுப்பின நடிகர்களே ஏற்றனர். முகத்தில் கரி பூசிக் கறுப்பரை நையாண்டி செய்த பழைய மேடை வழக்கத்துக்கு இதைவிடக் கூர்மையான பதிலடி எனக்குத் தெரிந்து இல்லை.

ஃபோர்டு அறக்கட்டளை நிதி வழங்க, ராபர்ட் ஹூக்ஸ், ஜெரால்டு க்ரோன் ஆகியோருடன் சேர்ந்து வார்டு 1967இல் நீக்ரோ என்செம்பிள் கம்பெனி என்ற நாடக நிறுவனத்தைத் தொடங்கினார். நடிப்போடு நாடகம் எழுதுதல், இயக்கம், மேடை நிர்வாகம் ஆகியவற்றிலும் அங்கே கட்டணமின்றிப் பயிற்சி அளிக்கப்பட்டது. இதையே அதன் பெருஞ்சாதனையாகக் கருதுகிறேன்.

குறைசொன்னவர்களும் உண்டு. வெள்ளையர் அறக்கட்டளையின் பணம் ஏன், நியூயார்க்கில் கறுப்பினத்தவர் மிகுந்து வாழ்ந்த ஹார்லெமை விட்டு வேறிடத்தில் அரங்கம் ஏன், முதல் நாடகமே ஜெர்மானிய மொழியில் எழுதும் பீட்டர் வைஸினுடையதாக இருப்பானேன் என்றெல்லாம் கேட்டார்கள். அந்தக் கேள்விகளில் நியாயம் இருந்தது. ஆனால், அங்கே அரங்கேறிய சார்லஸ் ஃபுல்லரின் நாடகம் 1982இல் புலிட்சர் பரிசு பெற்றதையும், திரையில் பெரும்புகழ் பெறுமுன் டென்சல் வாஷிங்டனும் சாமுவேல் எல். ஜாக்சனும் அதில் நடித்ததையும் மறந்துவிட முடியாது.

இருந்தும் நிலைமை எவ்வளவு மாறியது? வார்டின் கட்டுரைக்கு முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1996இல் பிரின்ஸ்டனில் பேசிய கறுப்பின நாடக ஆசிரியர் ஆகஸ்ட் வில்சன், வட்டார அரங்கக் கூட்டமைப்பின் 66 அரங்குகளில் கறுப்பினத்தவருடையது ஒன்றே ஒன்று என்று சுட்டிக்காட்டினார். நியூஜெர்சியைச் சேர்ந்த கிராஸ்ரோட்ஸ் என்ற அந்த அரங்கமும், சிறந்த வட்டார அரங்கத்துக்கான டோனி என்னும் அமெரிக்க நாடக விருதை 1999இல் பெற்ற மறு ஆண்டே, கடன் நெருக்கடியால் நாடகங்களை நிறுத்த வேண்டியதாயிற்று. பிற்பாடுதான் அதைத் திரும்பத் திறக்க முடிந்தது.