கடிகாரத்தின் உண்மையான வயது: அட்டையில் இருப்பது விற்ற தேதி

(காட்சி: மேசையில் பச்சைப் பெட்டி. உள்ளே கடிகாரம், பக்கத்தில் உத்தரவாத அட்டை. கேமரா அட்டையின் தேதியை நெருங்குகிறது.)

கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங்கில் வாங்கிய கடிகாரம். அட்டையில் போன மாதத் தேதி. அப்படியானால் இதற்கு வயது ஒரு மாதமா? இல்லை. அட்டையில் இருப்பது கல்யாணத் தேதி. பிறந்த தேதி வேறு. ஆலையில் பூட்டி முடித்த பிறகு, கடைக்கு வந்து, கண்ணாடி அலமாரியில் எத்தனை மாதம் இருந்தது என்பதை அட்டை சொல்லாது.

புதுசோ, கைமாறியதோ, கடிகாரத்தின் வயதை ஒரே இடத்தில் படிக்க முடியாது. கேஸ் எனும் வெளிக்கூடு, செயின் கொக்கி, டயல், இருட்டில் ஒளிரும் பூச்சு, உள்ளே ஓடும் இயந்திரம், அட்டை என்று ஆறு இடத்தில் ஆறு சாட்சி உண்டு. ஆறும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பார்ப்பதுதான் வேலை. கிடைக்கும் விடை பெரும்பாலும் "2002 கடைசி முதல் 2003 தொடக்கம் வரை" என்பது போல ஓர் இடைவெளியாக இருக்கும். யாராவது நாள், கிழமையோடு சொன்னால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

அதிகம் கேட்கப்படுவது ரோலெக்ஸ் என்பதால் அதிலிருந்து தொடங்குவோம்.

(காட்சி: கண்ணாடியின் ஓரம். டயலைச் சுற்றியுள்ள உலோக வளையம், பெரிதாக.)

தேவையானவை: பத்து மடங்கு பெரிதாக்கும் லூப், கைப்பேசி விளக்கு, மடித்த துண்டு. கடிகாரத்தைச் சாய்த்து, பன்னிரண்டு மணிப் பக்கத்திலிருந்து விளக்கை அடித்து, ஆறு மணிப் பக்கத்து உள் வளையத்தைப் பாருங்கள். சுற்றிலும் பிராண்டின் பெயர் மீண்டும் மீண்டும் பொறித்திருக்க, ஆறு மணிக்கு நேராக வரிசை எண் நிற்கும். இந்தப் பொறிப்பு 2005 வாக்கில் ஆரம்பித்தது. அதற்கு முந்திய கடிகாரங்களில் வளையம் வெறுமையாக இருக்கும். எண்ணைப் பார்க்கச் செயினைக் கழற்ற வேண்டும். ஆறு மணிப் பக்கத்து இரு காதுகளுக்கு, அதாவது செயின் மாட்டும் இரு நீட்டங்களுக்கு, இடையில் வரிசை எண், பன்னிரண்டு மணிப் பக்கத்தில் மாடல் எண். சில ஆண்டுகள் இரண்டு இடத்திலும் எண் இருந்தது. 2008 வாக்கில் காதுப் பக்கத்து எண் நின்றுவிட்டது.

இனி எண்ணுக்கு என்ன அர்த்தம்? 1987 முதல் எண்ணுக்கு முன்னால் ஓர் ஆங்கில எழுத்து வந்தது. முதலில் ஆர், பிறகு எல், ஈ, எக்ஸ். பிராண்டின் பெயரையே எழுத்துக்கூட்டியிருக்கிறார்கள். ஓ மட்டும் கிடையாது, பூஜ்யத்தோடு குழம்பும். அதற்குப் பிறகு வரிசை கலைந்தது. யூ என்றால் 1997ஐ ஒட்டி. ஏ 1999ஐ ஒட்டி. பி, அதாவது பினாங்கின் பி, 2000. கே 2001, ஒய் 2002, எஃப் 2003-04, இசட் 2006, எம் 2007, வி 2008-09, ஜி 2010. இந்தப் பட்டியலை ரோலெக்ஸ் வெளியிடவில்லை. சேகரிப்பாளர்கள் ஆயிரக்கணக்கான அட்டைகளை ஒப்பிட்டுக் கட்டியது. ஓராண்டு முன்னே பின்னே போவது சகஜம்.

2010 கடைசியில் இந்தப் பாதையும் அடைபட்டது. அப்போதிலிருந்து எட்டு இடத்தில் எழுத்தும் எண்ணும் கலந்து கட்டிய, வரிசையே இல்லாத எண். "எண்ணைச் சொல்லுங்கள், வருஷம் சொல்கிறேன்" என்று யாராவது 2015இல் செய்த கடிகாரத்துக்குச் சொன்னால், அது ஜாதகம் பார்க்கிற கதைதான்.

அப்படியானால் 2010க்குப் பிந்தியதற்கு என்ன வழி? மாடலே வேலி போடும். ரோலெக்ஸின் சப்மரினர் மாடலில் 116610 விற்பனையில் இருந்தது 2010 முதல் 2020 வரை. 126610 அறிமுகமானது 2020 செப்டம்பர் 1. டயலின் அடியில் "ஸ்விஸ் மேட்" என்ற இரு சொற்களுக்கு நடுவே குட்டிக் கிரீடம் இருந்தால், உள்ளே 2015இல் தொடங்கிய புதுத் தலைமுறை இயந்திரம் என்று பொருள். சப்மரினருக்கு அது 2020இல்தான் வந்தது. ஆகவே சப்மரினரில் அந்தக் கிரீடத்தைப் பார்த்தால் "2018 மாடல், நல்ல விலை" என்ற பேச்சுக்கு இடமே இல்லை.

(காட்சி: கொக்கியின் உள்தகடு. மங்கலான முத்திரை, விளக்கைச் சாய்த்ததும் தெரிகிறது.)

அடுத்த சாட்சி கொக்கி. இதைப் பலர் பார்ப்பதே இல்லை. கொக்கியை முழுதாகத் திறந்து உள்தகட்டைப் பாருங்கள். 1976 முதல் 2010 வரை அங்கே எழுத்தும் எண்ணுமாக ஒரு குறி இருக்கும். எழுத்து ஆண்டு, எண் மாதம். 1999க்கு எக்ஸ். 2000க்கு ஏபி (AB), 2001 டிஇ (DE), 2002 டிடி (DT), 2003 ஏடி (AD), 2004 சிஎல் (CL), 2005 எம்ஏ (MA), 2006 ஓபி (OP), 2007 ஈஓ (EO), 2008 பிஜே (PJ), 2009 எல்டி (LT), 2010 ஆர்எஸ் (RS). டிடி8 என்றால் 2002 ஆகஸ்ட். தனியாக எஸ் என்ற எழுத்து கூடவே நின்றால் அது பழுதுபார்க்கும்போது மாற்றிய கொக்கி. 2010க்குப் பிறகு இந்தக் குறியும் அர்த்தமற்ற மூன்று எழுத்தாகிவிட்டது. வேர்வையும் சோப்பும் படிந்து குறி தெரியாமல் போயிருந்தால், வெதுவெதுப்பான நீரில் நனைத்த பழைய பல்துலக்கியால் மென்மையாகத் தேய்த்தால் போதும். ஊசியால் சுரண்டக் கூடாது. சுரண்டிய இடத்தில் புதுக் கீறல், அடுத்து வாங்குபவருக்குச் சந்தேகம்.

இப்போது டயல். ஆறு மணிக்குக் கீழே, ஓரத்தில், எறும்பு அளவில் எழுதியிருப்பதை லூப்பில் படியுங்கள். "டி ஸ்விஸ் டி" (T SWISS T) என்றோ, ஸ்விஸ் என்பதோடு "T<25" என்றோ இருந்தால் ட்ரிட்டியம் பூச்சு, தன் கதிர்வீச்சாலேயே ஒளிர்வது. இது 1997-98 வரை. வெறும் "ஸ்விஸ்" என்று மட்டும் இருந்தால் 1998-99. ட்ரிட்டியம் போய், வெளிச்சத்தை வாங்கி ஒளிரும் லூமிநோவா வந்த இடைக்காலம். அதற்குப் பிறகு "ஸ்விஸ் மேட்". ஒரு எச்சரிக்கை: 1960களுக்கு முந்திய சில டயல்களிலும் வெறும் "ஸ்விஸ்" உண்டு. அதில் பூசியது ரேடியம்.

எழுத்தை மட்டும் நம்பாமல் பூச்சையும் சோதிக்கலாம். கைப்பேசி விளக்கை டயல் மீது 30 விநாடி காட்டுங்கள். பிறகு குளியலறைக்குள் போய் விளக்கை அணைத்துக் கதவைச் சாத்துங்கள். ட்ரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டு. 30 ஆண்டு கழித்து அதில் மிச்சம் இருப்பது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதன் கதிரால் ஒளிரும் பாஸ்பர் என்ற வேதிப்பொருளும் சோர்ந்து போயிருக்கும். ஆகவே பழைய ட்ரிட்டியம் டயல் சில விநாடியில் அணைந்துவிடும். லூமிநோவா மணிக்கணக்கில் ஒளிரும். டயலில் ட்ரிட்டியம் எழுத்து இருந்து, விடிய விடிய பச்சையாக ஒளிர்ந்தால், யாரோ மேலே புதிதாகப் பூசியிருக்கிறார்கள். டயல் புள்ளிகள் வெண்ணெய் நிறத்திலும் முட்கள் வெள்ளையாகவும் இருந்தால் முட்கள் மாற்றப்பட்டிருக்கலாம்.

ரேடியம் டயல் ஒளிராது, ஆனால் கதிர்வீச்சு போகவில்லை. அதன் அரை ஆயுள் 1600 ஆண்டு. ஆபத்து அதன் தூளில்தான். அந்தக் கால கடிகாரத்தை வீட்டு மேசையில் திறக்கவே கூடாது.

(காட்சி: திரை இரண்டாகப் பிரிகிறது. இடப்பக்கம் ஒரு 16610, வலப்பக்கம் இன்னொரு 16610.)

இரண்டு சப்மரினரை எடுத்துக்கொள்வோம். இரண்டும் 16610. இடப்பக்கத்தது: காதில் ஒய் எண். கொக்கியில் டிடி8. டயலில் ஸ்விஸ் மேட். உள் வளையம் வெறுமை. காதுகளின் வெளிப்பக்கம் துளை இருக்கிறது. இந்த மாடலில் 2003 வாக்கில் துளை நிறுத்தப்பட்டது. அட்டை 2003 மார்ச். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகிறது. 2002 பிற்பகுதியில் செய்தது, சில மாதம் கடையில் இருந்திருக்கிறது. நிம்மதியாக வாங்கலாம்.

வலப்பக்கத்தது: யூ எண், ஆகவே கேஸ் 1997-98. ஆனால் டயலில் ஸ்விஸ் மேட், இருட்டில் நன்றாக ஒளிர்கிறது. கொக்கியில் எம்ஏ4, அதாவது 2005 ஏப்ரல். விற்பவர் "2005" என்கிறார், கொக்கியைக் காட்டுகிறார். கொக்கி பொய் சொல்லவில்லை. அதன் வயதை அது சொல்கிறது. டயல் 1999க்குப் பிறகு மாற்றப்பட்டது, கொக்கி 2005இலோ பிறகோ மாற்றப்பட்டது. இது போலி இல்லை, ஓடும், அழகாகவும் இருக்கும். ஆனால் 2005 கடிகாரத்தின் விலையைக் கொடுத்தால் ஏமாந்தோம். மாறாத ட்ரிட்டியம் டயலுக்குச் சேகரிப்பாளர் தரும் கூடுதல் விலையும் இதற்குப் பொருந்தாது.

செயினைக் கழற்றும்போதுதான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். காதில் துளை இருந்தால் வெளியிலிருந்து மெல்லிய ஊசிமுனைக் கருவியால், செயினைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் பாரை அழுத்தலாம். துளை இல்லாவிட்டால் உள்ளிருந்து இருமுனைக் கருவியால் இழுக்க வேண்டும். அது நழுவினால் காதின் உள்பக்கம் நிரந்தரக் கீறல். முதலில் நான்கு காதிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ஸ்பிரிங் பார் குண்டு போலத் தெறிக்கும்; மடித்த துண்டின் மேல் வேலை செய்தால் சோபாவுக்கு அடியில் தேட வேண்டியதில்லை. வளையத்திலேயே எண் உள்ள கடிகாரத்துக்கு இந்தத் தொல்லை எதுவும் வேண்டாம்.

பின்மூடியைத் திறப்பது வேறு கணக்கு. 1950களிலிருந்து 1970களின் தொடக்கம் வரை செய்த ரோலெக்ஸ்களில் பின்மூடியின் உள்பக்கம் ரோமன் எண்ணும் இரு இலக்கமும் இருக்கும்: IV 64 என்பது 1964இன் கடைசிக் காலாண்டு. தங்கமான தடயம், ஆனால் திறந்தால் ரப்பர் வளையத்தை மாற்றி, நீர் அழுத்தச் சோதனையும் செய்ய வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்து யோசித்துவிட்டுப் பழுதுபார்ப்பவரிடம் போங்கள்.

மற்ற பிராண்டுகள், சுருக்கமாக.

கிராண்ட் சீக்கோ வாங்கியவர்களுக்கு அதிர்ஷ்டம். வரிசை எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். அக்டோபருக்கு ஓ, நவம்பருக்கு என், டிசம்பருக்கு டி. 3என் என்று தொடங்கினால் 2013 நவம்பரா, 2023 நவம்பரா? இயந்திரத்தின் எண்ணைப் பாருங்கள். 9எஸ்ஏ5 என்றால் அது 2020இல்தான் வந்தது, ஆகவே 2023. பனெராயில் பின்மூடியில் ஓர் எழுத்து இருக்கும்: ஏ 1998, கே 2008, ஆர் 2015. பட்டெக் ஃபிலிப்புக்கு ஆவணக் காப்பகச் சான்று வாங்கலாம். அதில் செய்த ஆண்டும் முதலில் விற்ற தேதியும் இருக்கும். ஊகத்துக்கே வேலையில்லை.

தங்கக் கடிகாரம் என்றால் முத்திரையையும் பாருங்கள். நகைக்கடையில் நமக்கு 916 பழக்கம். ஸ்விஸ் கடிகாரத்தில் பெரும்பாலும் 750. 1995இலிருந்து ஸ்விஸ் முத்திரையில் செயின்ட் பெர்னார்ட் நாயின் தலை. அதற்கு முன் 18 காரட்டுக்குப் பெண்ணின் தலை. "2001இல் செய்தது" என்று சொல்லப்படும் கேஸில் பெண் தலை இருந்தால் கேள்வி கேளுங்கள்.

(காட்சி: ஈரம் ஏறிய டயல். விளிம்பில் மாசு, முள்ளின் வேரில் கருப்பு.)

நம் ஊர் விஷயம் ஒன்று. இங்கே காற்றில் ஈரம் அதிகம். பினாங்கில் கடலோரம் என்றால் உப்பும் சேரும். குளிரூட்டி இல்லாத அலமாரியில் பத்தாண்டு கிடந்த கடிகாரம், குளிர்நாட்டில் முப்பதாண்டு இருந்ததைவிடக் கிழமாகத் தெரியும். ஆகவே பழுத்த நிறத்தை வைத்து வயது கணிக்காதீர்கள். பழுத்த நிறத்தைத் தேநீரில் முக்கியும் வரவழைக்கிறார்கள்.

வயது இன்னொரு காரணத்துக்கும் முக்கியம். ரோலெக்ஸின் ஐந்தாண்டு உத்தரவாதம் அட்டைத் தேதியிலிருந்து ஓடும். அதிகாரப்பூர்வக் கடையில் வாங்கினால் அலமாரியில் இருந்த மாதங்கள் உங்கள் கணக்கில் வராது. பக்கவாட்டு இறக்குமதிக் கடையில், அதாவது பிராண்டின் அதிகாரம் இல்லாமல் வெளிநாட்டிலிருந்து தருவித்து விற்கும் கடையில், வாங்கினால், வேறு நாட்டில் எட்டு மாதத்துக்கு முன் எழுதிய அட்டை கையில் வரலாம். "புதுசு, ஒட்டிய பிளாஸ்டிக் கூட எடுக்கவில்லை" என்பது உண்மையாகவே இருக்கும், ஆனால் எட்டு மாதம் போய்விட்டது. தேதி எழுதாத அட்டையைக் கொடுத்து "நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்" என்றால் வாங்காதீர்கள். அட்டையின் எண்ணும் வளையத்தின் எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். 8க்கும் ஆங்கில பிக்கும் (B), 5க்கும் எஸ்ஸுக்கும் கண் ஏமாறும். பெட்டாலிங் ஸ்திரீட் பக்கம் கிடைக்கும் போலிகளுக்கு இந்தச் சோதனை எதுவும் பொருந்தாது, ஒரே எண்ணை ஆயிரம் கேஸில் அடித்திருப்பார்கள்.

(காட்சி: ரசீது, பேனா.)

பணம் கொடுக்குமுன் ரசீதில் நான்கு விஷயம் எழுதச் சொல்லுங்கள்: மாடல் எண், முழு வரிசை எண், விற்பவர் சொல்லும் ஆண்டு, மாற்றப்பட்ட பாகங்கள். "ஆண்டு 2002-03, டயல் அசல்" என்று ஒரு வரி போதும். எழுதிய ஆண்டு பொய் என்றால், கடை வணிகர் என்பதால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்கு, மலாயில் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா, போகலாம். விண்ணப்பக் கட்டணம் 5 வெள்ளி, கோரிக்கை உச்சவரம்பு 50,000 வெள்ளி, மூன்றாண்டுக்குள் போக வேண்டும். சமூக வலைத்தளத்தில் தனி ஆளிடம் வாங்கினால் அந்த வழி இல்லை. அப்போது கொக்கியைத் திறந்து பார்க்க விடவில்லை என்றால், பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு எழுந்துவிடுங்கள்.