தங்கூசியும் டி.என்.ஏ. இழையும்

அவைத் தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, உயர்தர மாணவர்களே,

கல்லடிக் கரையில் மீன்பிடிப்பவர்கள் கையாளும் நைலோன் இழையான தங்கூசியில் சிறிது கொண்டுவந்திருக்கிறேன். இதில் விரற்கடை அளவு நறுக்கி எடுத்தால் அது ஈர்க்குப்போல விறைத்து நிற்கிறது. பத்துப் பாக நீளம் அவிழ்த்துவிட்டாலோ காலடியில் சுருண்டு சிக்காகிவிடுகிறது. பொருள் ஒன்றுதான், நீளந்தான் வேறு.

டி.என்.ஏ.யும் அப்படித்தான். 2 நனோமீற்றர் தடிப்புள்ள அந்த இரட்டைச் சுருளியில், ஏணிப் படிகள் போன்ற மூலச் சோடிகள் 0.34 நனோமீற்றருக்கு ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஏறத்தாழ 50 நனோமீற்றர், அதாவது 150 சோடிகள் வரை, அது நேராக நிற்கவே முயலும். அதற்கு மேல் நீண்டால், எந்நேரமும் மோதிக்கொண்டிருக்கும் நீர் மூலக்கூறுகள் அதைக் கண்டபடி வளைத்துவிடும். தங்கூசி சுருள்வது சுற்றிவைத்த பழக்கத்தால், டி.என்.ஏ. சுருள்வது வெப்பத்தால். உவமை அந்த இடத்தில் முறிகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

லம்டா என்னும் வைரசின் டி.என்.ஏ.யில் 48,502 சோடிகள் உண்டு. நீட்டிப் பிடித்தால் 16.5 மைக்குரோமீற்றர், தன்பாட்டில் விட்டால் இரு முனைகளுக்கும் இடையே ஒன்றேகால் மைக்குரோமீற்றர் அளவுதான். அதை இழுக்கும்போது எதிர்ப்பது எது? அணுப் பிணைப்புகள் அல்ல. சுருண்டு கிடக்க எண்ணற்ற வழிகள் உள்ளன, நேராக நிற்க ஒரே வழிதான். அந்த வழிகளை இழக்க மறுப்பதே இங்கு விசையாக வெளிப்படுகிறது. இறப்பர் பட்டியைச் சட்டென இழுத்து உதட்டில் வைத்துப் பாருங்கள், இளஞ்சூடு தெரியும். அதுவும் இதே கதைதான்.

1992 இல் ஸ்மித், ஃபின்சி, புஸ்டமாண்டே ஆகியோர் ஒற்றை டி.என்.ஏ. இழையின் ஒரு முனையைக் கண்ணாடியிலும் மறுமுனையைக் காந்த மணியிலும் ஒட்டி, இந்த விசையை அளந்தார்கள். ஒரு நியூற்றனை இலட்சம் கோடியாகப் பங்கிட்டால் வருவது பிக்கோநியூற்றன். அதில் பத்திலொன்றே இழையைப் பாதி நீளத்துக்கு நீட்டப் போதும். 65 பிக்கோநியூற்றனை எட்டும்போதோ இரட்டைச் சுருளியின் கட்டமைப்பே குலைந்து, இழை 1.7 மடங்காகத் தாவுகிறது. 1996 இல் வெளியான இந்த முடிவுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

இனி நம் உடற்கலங்களுக்கு வருவோம். ஒவ்வொரு கலத்தின் கருவுக்குள்ளும் ஏறத்தாழ 2 மீற்றர் டி.என்.ஏ. அடங்கியிருக்கிறது. ஹிஸ்டோன் புரதக் கட்டி ஒவ்வொன்றையும் 147 சோடிகள் ஒன்றேமுக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றிக்கொள்கின்றன. 147 ஐ 0.34 ஆல் பெருக்கிப் பாருங்கள்: 50 நனோமீற்றர். நேராக நிற்கவே முயலும் அதே நீளம் இங்கே இறுக வளைக்கப்படுகிறது. அந்த வளைவுக்குரிய சக்திச் செலவை ஈடுசெய்வதில் பெரும்பங்கு, டி.என்.ஏ.யின் மறையேற்றம் கொண்ட பொசுபேற்றுகளை ஹிஸ்டோனின் நேரேற்றங்கள் இழுத்துப் பிடிக்கும் கவர்ச்சியினுடையது.